ஒற்றை விரையோடு தந்தையாக முடியுமா? விரை முறுக்கும் குழந்தைப்பேறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறுநீரகவியல் மருத்துவரைத் தேடி வரும் இளைஞர்களில் ஒரு வகையினர் உண்டு. வயது 26, 27 இருக்கும். வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கையில், மடித்து மடித்து ஓரம் கிழிந்துபோன ஒரு டிஸ்சார்ஜ் சீட்டு. ஒன்பதாம் வகுப்பில் நடந்த அவசர அறுவை சிகிச்சை. ‘இடப்புற விரை அகற்றப்பட்டது’ என்று ஒற்றை வரி. பத்து ஆண்டுகளுக்கு மேல் யாரிடமும் கேட்காமல் வைத்திருந்த கேள்வியைக் கதவைச் சாத்திய பிறகுதான் கேட்பார்கள். அவர்களுக்காகவும், மகனின் அறுவை சிகிச்சை இப்போதுதான் முடிந்து வார்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்காகவும் இந்தப் பக்கம்.

அவசரத்தில் இருப்போர்க்கு முதலிலேயே பதிலைச் சொல்லிவிடலாம்: ஒரு விரை நலமாக இருந்தால் பெரும்பாலோர்க்கு இயல்பாகவே குழந்தை பிறக்கிறது. ‘பெரும்பாலோர்’ என்ற சொல்லுக்கு வெளியே நிற்பவர்கள் யார், ஏன் என்பதுதான் மீதி.

விரை முறுக்கு என்றால் என்ன?

விரைப்பைக்குள் ஒவ்வொரு விரையும் ஒரு கயிற்றில் தொங்குகிறது. விந்துநாண் என்று அதற்குப் பெயர். விரைக்கு இரத்தம் போவதும் அதன் வழியாகத்தான், திரும்புவதும் அதன் வழியாகத்தான். விந்து செல்லும் குழாயும் அதனுள்ளேயே இருக்கிறது. அந்தக் கயிறு தன்னைத்தானே முறுக்கிக்கொண்டால் இரத்த ஓட்டம் தடைப்படுகிறது. அரைச் சுற்றும் உண்டு, இரண்டு முழுச் சுற்றும் உண்டு. மருத்துவமனையில் ‘டார்ஷன்’ என்பார்கள்.

25 வயதுக்கு உட்பட்ட ஆண்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்கு இது வருகிறது. பருவமடையும் வயதான 12 முதல் 18 வரைதான் உச்சம். பிறந்த குழந்தைகளிடம் இன்னொரு சிறிய உச்சம்.

அடிபட்டதால் வந்ததா? சைக்கிள் ஓட்டியதால் வந்ததா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. இயல்பாக விரை அதன் பின்பக்கத்தில் உறையோடு ஒட்டியிருக்கும். சிலருக்குப் பிறவியிலேயே அந்தப் பிடிமானம் இருக்காது. கோயில் மணியின் நாக்கு போல விரை உறைக்குள் தனியாக ஊசலாடும். சுழல அதுவே போதும். பல பையன்கள் தூக்கத்தில் இருக்கும்போதுதான் வலி தொடங்குகிறது. எனவே பந்து பட்டது, மரத்திலிருந்து குதித்தது என்று காரணம் தேடி யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

இந்த அமைப்பு பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். கீழே ஒரு கேள்விக்கு அதுதான் பதில்.

எத்தனை மணி நேரத்துக்குள் மருத்துவமனை போக வேண்டும்?

உடனே. மணிக்கணக்கு சொன்னால் ‘இன்னும் நேரம் இருக்கிறது’ என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். இருந்தாலும் கணக்கு இதுதான்: இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2019இல் வெளியான ஆய்வொன்றில், வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் முறுக்கு பிரிக்கப்பட்டவர்களில் சுமார் 97 விழுக்காட்டினரின் விரை பிழைத்தது. 7 முதல் 12 மணி நேரம் வரை ஆனவர்களில் அது சுமார் 79 ஆகவும், 13 முதல் 18 மணி நேரம் வரை ஆனவர்களில் சுமார் 61 ஆகவும் இறங்கியது. இரண்டு நாள் கடந்துவிட்டால் பத்தில் ஒன்றுகூடத் தேறுவதில்லை.

இந்த எண்களில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ‘பிழைத்தது’ என்றால் அறுவை மேசையில் நிறம் திரும்பியது, வெட்டி எடுக்க வேண்டியிருக்கவில்லை என்று பொருள். பத்து ஆண்டு கழித்து அது விந்தணு தருமா என்பது வேறு கேள்வி. அதற்கு 6 மணி நேரம்கூடத் தாராளமான கெடுதான்.

மறுபுறம், ஒரு நாள் ஆகிவிட்டதே, இனிப் போய் என்ன பயன் என்று வீட்டில் இருந்துவிடுவதும் தவறு. முறுக்கு சில சமயம் முழுமையாக இருக்காது. இடையில் தளர்ந்து மறுபடி இறுகுவதும் உண்டு. அப்படிப்பட்டவர்களின் விரை தாமதமாகப் போனாலும் தேறியிருக்கிறது.

பெரும்பாலான பையன்கள் ஏன் தாமதமாக வருகிறார்கள்?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். குழந்தைப்பேறு தொடர்பான எல்லாமே இந்தத் தாமதத்தில்தான் முடிவாகிறது.

பையன் அம்மாவிடம் ‘வயிறு வலிக்கிறது’ என்பான். பொய் சொல்லவில்லை, விரையின் நரம்புகள் வயிற்றோடு தொடர்புடையவை என்பதால் அடிவயிற்றிலும் உண்மையாகவே வலிக்கும், குமட்டும், வாந்தியும் வரும். ஆனால் எந்த இடத்தில் தொடங்கியது என்று கேட்டால் சொல்லமாட்டான். பதின்மூன்று வயதுப் பையன் அம்மாவிடம் சொல்லக்கூடிய இடமா அது? அம்மா, தின்றது சேரவில்லை என்று ஓமத்தண்ணீர் தருவார். கோடைக்காலமாக இருந்தால் ‘சூடு பிடித்துவிட்டது’ என்று மோரும் இளநீரும் வரும். கால் பெருவிரலில் நல்லெண்ணெயும் தொப்புளில் விளக்கெண்ணெயும் வைக்கப்படும். இரவு கழிந்துவிடும். காலையில் பக்கத்துத் தெரு கிளினிக்கில் வயிற்றைத் தொட்டுப் பார்த்து ஊசி போடுவார்கள். கால்சட்டையைக் கழற்றச் சொல்லமாட்டார்கள். விரைப்பை வீங்கி நடக்க முடியாத நிலையில் மூன்றாவது இடத்துக்குப் போகும்போது மறுநாள் மாலை ஆகியிருக்கும்.

இதில் யாரும் அலட்சியமாக இருக்கவில்லை. எல்லோரும் ஏதோ செய்தார்கள். கேட்க வேண்டிய ஒரு கேள்வியைத்தான் கேட்கவில்லை.

எனவே பையனுக்குத் திடீரென்று கடுமையான அடிவயிற்று வலி, அதோடு வாந்தி என்றால், ‘கீழே வலிக்கிறதா?’ என்று அப்பாவோ அண்ணனோ தாத்தாவோ தனியே அழைத்துக் கேட்க வேண்டும். அம்மாவே கேட்டாலும் பிழையில்லை. ஒரு விரை மற்றதைவிட மேலே ஏறியோ குறுக்காகக் கிடந்தோ, தொட்டாலே துடிக்கும்படி வலித்தோ இருந்தால் நேரே அறுவை சிகிச்சை அரங்கு உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். 108க்கு அழைக்கலாம். வழியில் சாப்பிடவும் குடிக்கவும் எதுவும் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். வெளியே ஸ்கேன் சென்டரில் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டு போகலாம் என்று எண்ண வேண்டாம். இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பயனுள்ளதுதான். ஆனால் கைப்பரிசோதனையிலேயே ஐயமற்றுத் தெரியும்போது ஸ்கேனுக்காகக் காத்திருப்பது விரையைப் பணயம் வைப்பதற்குச் சமம்.

முறுக்கின்போது விந்தணு உற்பத்திக்கு என்ன நேர்கிறது?

விரைக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. நுண்குழாய்களுக்குள் விந்தணுக்கள் உருவாகின்றன. குழாய்களுக்கு இடையே இருக்கும் லேடிக் செல்கள் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. இரத்தம் நின்றால் முதலில் மடிபவை விந்தணுவை உருவாக்கும் செல்கள். லேடிக் செல்கள் இன்னும் சற்று நேரம் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் காப்பாற்றப்பட்ட விரை ஹார்மோனைத் தந்தபடி, விந்தணுவை மட்டும் குறைவாகத் தரும் நிலை உண்டு.

இதில் இரண்டாவது அடியும் இருக்கிறது. முறுக்கைப் பிரித்தவுடன் இரத்தம் பாய்கிறதே, அந்தப் பாய்ச்சலே கொஞ்சம் சேதம் விளைவிக்கிறது. பட்டினி கிடந்த திசுவில் ஆக்சிஜன் திடீரெனப் புகும்போது தீங்கான மூலக்கூறுகள் பெருகிச் செல்களைத் தாக்குகின்றன. விலங்குகளிடம் இதைத் தடுக்கப் பல மருந்துகளைச் சோதித்திருக்கிறார்கள். மனிதர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்து என்று எதுவும் வரவில்லை. ‘முறுக்குக்குப் பின் விந்தணு பெருக’ என்று விற்கப்படும் பொடிகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் இதுவே பதில்.

ஒப்புதல் படிவத்தில் ‘விரையை அகற்ற நேரிடலாம்’ என்று இருந்தது. கையெழுத்துப் போடக் கை நடுங்கியது. வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்குமோ?

அந்த நடுக்கம் புரிகிறது. ஆனால் அறுவை சிகிச்சை நிபுணர் உள்ளே போகும் முன் அகற்றுவதா வைப்பதா என்று தீர்மானிப்பதில்லை. திறந்து, முறுக்கைப் பிரித்து, வெதுவெதுப்பான ஈரத்துணியால் சுற்றிவைத்துச் சில நிமிடங்கள் காத்திருப்பார். கருநீலம் மாறிச் சிவப்பு திரும்புகிறதா, கீறினால் புது இரத்தம் கசிகிறதா என்று பார்ப்பார். திரும்பினால் விரையைப் பைக்குள் வைத்து, மறுபடி சுழலாதபடி தையல் போட்டு நிறுத்துவார். திரும்பவே இல்லை என்றால்தான் அகற்றுவார். இறந்த திசுவை உள்ளே விட்டுவைப்பதால் விந்தணு கிடைக்கப்போவதில்லை; சீழ் பிடிக்கும், வலி நீடிக்கும்.

பிற்காலக் குழந்தைப்பேற்றில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பலர் நினைப்பதைவிடச் சிறியது. இஸ்ரேலில், விரை முறுக்குக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பல ஆண்டுகளுக்குப் பின் விசாரித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், விரை காப்பாற்றப்பட்டவர்கள், அகற்றப்பட்டவர்கள் என இரு பிரிவிலும் குழந்தைக்கு முயன்றவர்களில் சுமார் 90 விழுக்காட்டினரின் மனைவியர் கருவுற்றிருந்தனர். பொது மக்களிடம் காணப்படும் அளவும் ஏறத்தாழ அதுவே. ஆய்வில் இருந்தவர்கள் சில டஜன் பேர்தான் என்பதால் இதைக் கல்வெட்டாகக் கொள்ள வேண்டாம். ஆனால் ஒரு விரையை இழந்தவன் தந்தையாக முடியாது என்ற ஊர்ப்பேச்சு பொய் என்பதற்கு இது போதும்.

அப்படியானால் ஒரு விரையே போதுமா? விந்தணு பாதியாகக் குறைந்துவிடாதா?

விந்தணு எண்ணிக்கை சிலருக்குக் குறைகிறது. எல்லோர்க்கும் சரிபாதியாகக் குறைவதில்லை. ஒன்று போனால் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, எஃப்எஸ்ஹெச் என்ற ஹார்மோனைக் கூட்டி எஞ்சிய விரையை அதிகமாக வேலை வாங்குகிறது. சிறுவயதிலேயே ஒன்றை இழந்தவர்களுக்கு மற்றது சற்றுப் பெரிதாகவும் வளர்வதுண்டு.

இன்னொன்று, இயற்கை இந்தக் கணக்கில் மிகுந்த ஊதாரி. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டின்படி, ஒரு முறை வெளியாகும் விந்தில் மொத்த விந்தணு எண்ணிக்கையின் கீழ் எல்லை 3 கோடியே 90 இலட்சம். நலமான ஆண்கள் பலருக்கு அதைப்போல் பல மடங்கு இருக்கும். பாதி போனாலும் எல்லைக்கு மேலேயே நிற்பார்கள்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், எஞ்சிய விரையும் முன்பே நலிந்திருக்கும்போதுதான். இறங்காத விரை, பெரிய அளவு வெரிகோசில் (விரைப்பை நாளங்களின் புடைப்பு), பருவ வயதில் வந்த பொன்னுக்குவீங்கி, பழைய குடலிறக்க அறுவை சிகிச்சையில் ஏற்பட்ட குழாய்ச் சேதம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ‘ஒன்று போதும்’ என்ற ஆறுதலை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

முறுக்கு வந்த விரை, நல்ல விரையையும் கெடுத்துவிடும் என்கிறார்களே?

இது வெறும் வதந்தி அல்ல. மருத்துவ ஆய்விதழ்களில் பல ஆண்டுகள் நடந்த விவாதம். பருவமடைந்த பிறகுதான் விந்தணுக்கள் உருவாகின்றன என்பதால் உடலின் நோய் எதிர்ப்புப் படைக்கு அவை அந்நியம். விரைக்குள் இருக்கும் ஒரு தடுப்புச் சுவர் அவற்றை அந்தப் படையின் கண்ணில் படாமல் மறைத்துவைத்திருக்கிறது. முறுக்கில் அந்தச் சுவர் உடைந்தால் விந்தணுவுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் உருவாகி, மறுபக்கத்து விரையையும் தாக்கும் என்பது கருத்து. எலிகளிடம் நடந்த பல சோதனைகள் இதற்கு ஆதரவாக இருந்தன.

மனிதர்களிடம் படம் அவ்வளவு தெளிவில்லை. முறுக்குக்கு ஆளானவர்களில் எதிர்ப்பொருள் அளவு கூடவில்லை என்று காட்டிய ஆய்வுகள் இருக்கின்றன. விரையை அகற்றியவர்களுக்கும் வைத்திருந்தவர்களுக்கும் அதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இன்னொரு கோணமும் உண்டு: அறுவை சிகிச்சையின்போதே மறுபக்க விரையிலிருந்து துளி திசு எடுத்துப் பார்த்தபோது, அதிலும் முன்பே குறைபாடுகள் இருந்தன. அதாவது கெட்ட விரை நல்லதைக் கெடுத்தது என்பதைவிட, இரண்டுமே பிறவியிலேயே கொஞ்சம் பலவீனமாக இருந்திருக்கலாம் என்பது. எனக்கு இந்த இரண்டாவது விளக்கம் கூடுதல் நியாயமாகப் படுகிறது. எப்படியிருந்தாலும், நல்ல விரையைக் காப்பாற்றுவதற்காகவே உயிருள்ள விரையை அகற்றிவிடும்படி யாரும் இன்று பரிந்துரைப்பதில்லை.

நல்ல பக்கத்தையும் ஏன் தைத்தார்கள்? அதனால் விந்தணு குறையுமா?

மணி நாக்கு போன்ற அமைப்பு இரண்டு பக்கமும் இருக்க வாய்ப்பு அதிகம் என்றோமே, அதனால்தான். இன்று இடது என்றால் நாளை வலது. ஒன்றை இழந்த பிறகு மற்றதிலும் முறுக்கு வந்தால் அதன் பிறகு சொல்ல எதுவும் இருக்காது. விரையை அதன் இடத்தில் நிறுத்தும் இரண்டு மூன்று தையல்களால் குழந்தைப்பேறு பாதிக்கப்படுவதாகத் தெரியவில்லை.

உங்கள் பழைய சீட்டில் மறுபக்கம் தைத்ததாகக் குறிப்பு இல்லையென்றால், ஒரு முறை சிறுநீரகவியல் நிபுணரிடம் காட்டுங்கள். சிறிய விஷயம்தான், தள்ளிப்போடாதீர்கள்.

விந்துப் பரிசோதனை எப்போது செய்ய வேண்டும்?

ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம், முதிர்ந்து வெளியே வர மேலும் சில நாள்கள். எனவே அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதத்துக்குள் எடுக்கும் பரிசோதனை, முறுக்குக்கு முன்பிருந்த கதையையும் கலந்தே சொல்லும். வயது வந்தவர்கள் மூன்று முதல் ஆறு மாதம் கழித்துச் செய்யலாம்.

பள்ளி செல்லும் பையனுக்கு வேண்டாம். உற்பத்தி நிலைபெறாத வயதில் வரும் எண்கள் எதற்கும் உதவாது. அந்தப் பரிசோதனைக்கு மாதிரி தரச் சொல்வது அவனுக்கு இரண்டாவது காயம். 18 வயதுக்குப் பிறகு அவனாக விரும்பினால் செய்துகொள்ளட்டும். அதுவரை ஆண்டுக்கொரு முறை மருத்துவர் விரையின் அளவைப் பார்த்தால் போதும்.

பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாள்கள் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். மாதிரியை முழுமையாகச் சேகரிக்க வேண்டும். முதல் துளிகளில்தான் விந்தணு அதிகம் என்பதால் கொஞ்சம் சிந்திவிட்டாலும் ஆய்வகத்தில் சொல்லிவிடுங்கள். கடந்த மூன்று மாதத்தில் கடுங்காய்ச்சல் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். டெங்குவில் படுத்து எழுந்தவரின் எண்ணிக்கை சரிந்து மீண்டும் ஏறும்.

அறிக்கையில் எந்த எண்ணைப் பார்ப்பது?

விந்தின் அளவு 1.4 மில்லிலிட்டர், ஒரு மில்லிலிட்டரில் 1 கோடியே 60 இலட்சம் விந்தணு, முன்னோக்கி நீந்துபவை 30 விழுக்காடு, இயல்பான வடிவம் 4 விழுக்காடு. இவை கீழ் எல்லைகள். நான்கு விழுக்காடுதானா என்று பதறிப்போய் வருபவர்கள் ஏராளம். அதுவே இயல்பின் எல்லை.

இந்த எல்லைகள் தேர்வின் பாஸ் மார்க் அல்ல. இதற்குக் கீழே இருந்தும் தந்தையானவர்கள் உண்டு. மேலே இருந்தும் ஆகாதவர்கள் உண்டு. ஒரே அறிக்கையை வைத்து முடிவுக்கு வராமல், சில வாரம் விட்டு இன்னொரு முறை பாருங்கள். இரண்டு முறையும் குறைவு என்றால் காலை நேரத்தில் எடுத்த இரத்தத்தில் எஃப்எஸ்ஹெச், எல்ஹெச், டெஸ்டோஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களின் அளவைப் பார்ப்பார்கள். எஃப்எஸ்ஹெச் மிக அதிகமாக இருந்தால், எஞ்சிய விரை திணறுகிறது என்று பொருள்.

விரையைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் ஆறு மாதத்தில் அது சிறுத்துப்போய்விட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. அறுவை மேசையில் நிறம் திரும்பிய விரைகளில் ஒரு பகுதி, அடுத்த சில மாதங்களில் மெல்லச் சுருங்கும். வலி நீடித்த நேரம் கூடக்கூட இதற்கான வாய்ப்பும் கூடுகிறது. உள்ளே எத்தனை செல் செத்தது என்பது அன்று கண்ணுக்குத் தெரியாது. சுருங்கிய விரை விந்தணுவுக்கு அதிகம் உதவாவிட்டாலும் கொஞ்சம் ஹார்மோன் தரலாம். வலியோ கட்டியோ இல்லையென்றால் பொதுவாக அப்படியே விட்டுவிடுவார்கள்.

ஆண்மைக்குக் குறைவு வருமா?

வராது. விறைப்பு, இன்ப உணர்வு, விந்து வெளியேற்றம் எதுவும் ஒரு விரையை இழந்ததால் கெடுவதில்லை. வெளியாகும் விந்தின் அளவுகூடக் கண்ணுக்குத் தெரியும்படி குறையாது. அதில் பெரும்பகுதி விந்துப்பையிலும் புராஸ்டேட் சுரப்பியிலும் ஊறுவது, விரையின் பங்கு மிகச் சிறியது. குரல், மீசை, தசை எல்லாவற்றுக்கும் வேண்டிய டெஸ்டோஸ்டிரோனை ஒரு விரையே தந்துவிடும். மீறி உடல் சோர்வும் ஆர்வக் குறைவும் நீடித்தால் இரத்தப் பரிசோதனை செய்யலாம். பெரும்பாலும் அங்கே ஹார்மோன் சரியாக இருக்கும், மனம்தான் ஒடிந்திருக்கும்.

பிறந்த குழந்தைக்கே முறுக்கு என்றார்கள். அவன் எதிர்காலம்?

பல சமயம் அது கருவறையிலேயே நடந்து முடிந்திருக்கும். பிறக்கும்போதே விரை கெட்டியாக, கறுத்து, வலியில்லாமல் இருக்கும். அதைக் காப்பாற்றுவது அரிது. மறுபக்கம் நலமாக இருந்தால் அவனும் ஒற்றை விரையோடு வளர்ந்த மற்றவர்களைப் போலத்தான்.

இருந்தது ஒன்றே, அதிலும் முறுக்கு வந்தால்?

இந்த நிலையில் பேச்சு மாறுகிறது. இருபக்க முறுக்கு, அல்லது ஏற்கெனவே ஒன்றை இழந்தவருக்கு எஞ்சியதில் முறுக்கு என்பவை அரிதானவை. நேர்ந்தால் குழந்தைப்பேறும் ஹார்மோனும் ஒருசேர ஆபத்தில் இருக்கும். விரை தேறிய பிறகு விந்தணு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் உறைநிலையில் சேமித்துவைப்பது நல்லது. பின்னாளில் அது சுருங்கினாலும் கையிருப்பு இருக்கும். இரண்டும் போய்விட்டால் வாழ்நாள் முழுவதும் டெஸ்டோஸ்டிரோன் மருந்து தேவைப்படும். சேமிப்பும் இல்லையென்றால் கொடை விந்தணு அல்லது தத்தெடுப்பு.

பெண் வீட்டாரிடம் சொல்ல வேண்டுமா?

பெண்ணிடம் சொல்லுங்கள். வீட்டாரிடம் என்பது வேறு.

மறைத்துக் கட்டிக்கொண்டு, ஓர் ஆண்டு கழித்து ‘விசேஷம் ஏதும் இல்லையா’ என்று உறவினர் கேட்கத் தொடங்கும்போது உண்மை வெளியே வந்தால், பிரச்சினை விந்தணுவாக இருக்காது, நம்பிக்கையாக இருக்கும். அதே நேரம் தரகர், பெரியப்பா, சித்தி என்று வரிசையாக உங்கள் உடற்குறிப்பை ஒப்பிக்க வேண்டிய கடமை இல்லை. நிச்சயத்துக்கு முன் ஒரு விந்துப் பரிசோதனை செய்துகொண்டு, அந்த அறிக்கையோடு, திருமணம் செய்யப்போகும் பெண்ணிடம் நேரில் பேசுவதே நல்ல வழி என்பேன். ‘சின்ன வயதில் இப்படி ஒரு அறுவை சிகிச்சை நடந்தது, பரிசோதனை இப்படி இருக்கிறது’ என்று இரண்டு வரியில் முடியும் பேச்சு அது.

திருமணமாகி எட்டு மாதம் ஆகிறது, இன்னும் இல்லை. ஓராண்டு காத்திருக்க வேண்டுமா?

பொதுவாக ஓராண்டு முயன்ற பிறகு, மனைவிக்கு 35 வயதுக்கு மேல் என்றால் ஆறு மாதத்துக்குப் பிறகு, பரிசோதிப்பது வழக்கம். முறுக்கு வரலாறு உள்ளவர் அத்தனை நாள் காத்திருக்கத் தேவையில்லை, இப்போதே போகலாம். ஆனால் இருவரும் சேர்ந்து போங்கள். ‘குறை எனக்குத்தான்’ என்று கணவர் தாமே தீர்ப்பு எழுதிக்கொண்டு, மனைவிக்குக் கருமுட்டை வெளியாவதிலிருந்த எளிய சிக்கலைக் கவனிக்காமல் விடுவது நடக்கிறது.

எண்ணிக்கை லேசாகக் குறைவு என்றால் விந்தணுவைக் கழுவித் தேர்ந்து நேரே கருப்பைக்குள் செலுத்தும் முறை. மிகக் குறைவு என்றால் ஒரே விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்சி முறை. பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் உருவாகி 1992இல் அதன் முதல் வெற்றி வெளியிடப்பட்டது. கோடிக்கணக்கு தேவையில்லை, முட்டைக்கு ஒன்று போதும் என்று கணக்கையே மாற்றியது. விந்தில் ஒன்றுகூட இல்லாதவருக்கும் விரையிலிருந்து நேரடியாக எடுத்துப் பார்க்கும் வழி உண்டு. அங்கும் கிடைக்காமல் போகலாம். உறுதி கொடுக்கும் மையத்தைக் கொஞ்சம் ஐயத்தோடு பாருங்கள்.

இருக்கும் ஒரு விரையை எப்படிப் பார்த்துக்கொள்வது?

கிரிக்கெட் ஆடுபவர் வலைப்பயிற்சியிலும் கார்டு போடுங்கள். புகையை விடுங்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் தசை வளர்க்கத் தரும் ஸ்டீராய்டு, டெஸ்டோஸ்டிரோன் ஊசிகளைத் தொடவே தொடாதீர்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளை விரைக்கு ஆணை அனுப்புவதை நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தி முற்றிலும் நின்றுபோகலாம். முறுக்கில் இழந்ததைவிட ஊசியில் இழந்தது அதிகம் என்ற நிலை வர வேண்டாம்.

பொன்னுக்குவீங்கி இன்னொன்று. பருவமடைந்த பின் வந்தால் விரையையும் தாக்கும். நம் நாட்டின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் உள்ளது தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்கானது மட்டுமே. பொன்னுக்குவீங்கிக்கும் சேர்த்த எம்எம்ஆர் ஊசியைத் தனியாகப் போட வேண்டும். ஒற்றை விரையோடு வளரும் பையனின் பெற்றோர் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

செயற்கை விரை வைத்தால்?

சிலிக்கோனால் ஆனது, தோற்றத்துக்கு மட்டும். குழந்தைப்பேற்றைக் கூட்டாது, குறைக்காது. வளர்ச்சி முடிந்த பிறகு வைப்பதே வசதி.

இடது போனதால் இனி ஆண் குழந்தை மட்டும்தான் பிறக்குமா?

சிரிக்க வேண்டாம், உண்மையாகவே கேட்கிறார்கள். கேட்பதில் வெட்கமும் இல்லை: வலப்பக்கம் ஆண், இடப்பக்கம் பெண் என்ற நம்பிக்கை பண்டைய கிரேக்கத்திலேயே இருந்தது, அரிஸ்டாட்டில் அதை எடுத்து மறுத்து எழுதியிருக்கிறார். ஒவ்வொரு விரையிலும் பெண் குழந்தைக்கான எக்ஸ், ஆண் குழந்தைக்கான ஒய் என இரண்டு வகை விந்தணுவும் ஏறத்தாழ சமமாகவே உருவாகின்றன.

ஒரு முறை தைத்தாகிவிட்டது. இனி வரவே வராதா?

மிக அரிதாக வந்திருக்கிறது. கரைந்துபோகும் நூலால் தைத்தவர்களிடம் கூடுதலாகப் பதிவாகியிருக்கிறது. எனவே அறுவை சிகிச்சை முடிந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தாலும், திடீரென்று அதே வலி வந்தால் ‘அதைத்தான் தைத்துவிட்டார்களே’ என்று படுத்துக்கொள்ளாமல் மருத்துவமனைக்குப் போங்கள். தம்பி இருந்தால் அவனுக்கும் அறிகுறிகளைச் சொல்லிவையுங்கள். சில குடும்பங்களில் இது ஒன்றுக்கு மேற்பட்டவருக்கு வருகிறது. வலி வந்து தானாகவே விட்டுவிட்டது, பிறகு மறுபடி வந்தது என்று அவன் எப்போதாவது சொன்னால், அடுத்த முறைக்குக் காத்திராமல் முன்கூட்டியே தைத்துவிடலாம். அரை மணி நேர வேலை. பெரும்பாலும் மறுநாள் வீட்டுக்குப் போய்விடுவான்.